செலின் அம்மா மேல ஒரு தீர்மானம்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளியில விட்டா கீழ்வீட்டு நாய்க்குட்டி தூக்கிட்டுப் போயிரும். நீங்கதானே போன்ல பேசினது, பேங்க்ல மாத்தலாகி வந்திருக்கறவரு? நல்லது. வீட்டைக் காட்டறேன். ஆனா சாவி கோமதிகிட்ட இருக்கு. கோமதின்னா என் வீட்டுக்காரம்மா. கோயிலுக்குப் போயிருக்கா, அரை மணியில வந்துருவா. அதுவரைக்கும் உக்காருங்க. ஃபேன் இன்னும் கொஞ்சம் வேகமா வைக்கட்டுமா?

முதல்லயே என் நிபந்தனையைச் சொல்லிடறேன். கறி மீன் சமைக்கலாம், ஆட்சேபணை இல்லை. நாய் வளக்கலாம். சொந்தக்காரங்க வந்து பத்து நாள் தங்கலாம். அரசியல் மட்டும் கூடாது. உங்க வீட்டம்மா ஏதாவது கட்சியில இருக்காங்களா? இல்லையா? மாதர் சங்கம், கீதர் சங்கம்? அதுவும் இல்லையா? நல்லதாப் போச்சு. ஏன் கேக்கறேன்னா, இதுக்கு முன்னால அந்த வீட்ல குடியிருந்தவங்க ஒரு வெளிநாட்டு எதிர்க்கட்சித் தலைவி. சிரிக்காதீங்க தம்பி, சத்தியமாத்தான். மடிப்பாக்கத்துல, திருவருள் ஃப்ளாட்ஸ்ல, ரெண்டாவது மாடியில.

எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன். கடலுக்கு நடுவுல ஒரு தீவு. மேப்ல தேடினா ஈ உக்காந்த மாதிரி தெரியும். அந்தக் காலத்துல கரும்பு வெட்ட நம்ம ஆளுங்களைக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்கல்ல, அப்படிப் போன ஒரு குடும்பம். செலின் காத்தமுத்துன்னு பேரு. பாதிப் பேரு வெள்ளைக்காரன் குடுத்தது, மீதி நம்ம ஊருப் பாட்டன் குடுத்தது. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், கழுத்துக்கு மேல வெட்டின நரைமுடி, குரல் மட்டும் லாரி ஹாரன். தமிழ் பேசுவாங்க. ஆனா அந்தத் தீவுல மரியாதைத் தமிழ் கப்பல்லயே கடல்ல விழுந்துருச்சு போல, எல்லாரையும் நீ, வா, போதான். வந்த அன்னிக்கே என்னைப் பாத்து, "ஆவுடை, உன் வீட்டுல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டாங்க. ஆவுடையப்பன்னு முழுசாக்கூட இல்லை. என்னை அப்படிக் கூப்பிட எங்கப்பா ஒருத்தருக்குத்தான் உரிமை இருந்துச்சு, அவரும் போயி இருபது வருஷம் ஆச்சு.

அவங்க ஊர்ல ஒரு சட்டமாம். கல்யாணமான பொம்பளை பாஸ்போர்ட் எடுக்கணும்னாலும் பேங்க்ல கணக்கு திறக்கணும்னாலும் புருஷன் கையெழுத்து வேணும். இவங்க ஊர் ஊராப் போய்ப் பொம்பளைங்களைத் திரட்டி, பார்லிமென்ட்ல சண்டை போட்டு, அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. மறுவருஷம் ஒரு பட்டாளத்துக்காரர் ஜனாதிபதியா வந்து உக்காந்தாரு. சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாரு, இவங்க மேல தேசத்துரோக வழக்குப் போட்டாரு. இவங்க மீன்பிடிப் படகுல ஏறித் தப்பிச்சு, நாலு நாடு சுத்தி, கடைசியில ஒரு வக்கீல் தம்பி மூலமா நம்ம வீட்டுக்கு வந்து சேந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. நான் பெண்ணுரிமைக்கு எதிரி இல்லை தம்பி. இந்த வீட்ல கோமதியைக் கேக்காம எதையும் முடிக்க மாட்டேன். முடிவு பண்ணிட்டுக் கண்டிப்பாக் கேப்பேன்.

அந்த வக்கீல், "சார், இவங்க இங்க இருக்கறது வெளிய தெரியக்கூடாது"ன்னாரு. சரின்னேன். ரகசியம்னு வந்துட்டா நான் கல்லு. அயர்ன்காரர்கிட்டயும், காலையில நடக்கற கோஷ்டிகிட்டயும், சம்பந்தி வீட்லயும் தவிர வேற யார்கிட்டயும் மூச்சு விடலை. பொங்கலன்னிக்கு வாசல் கோலத்துகிட்ட அவங்களை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சேன். அதுலயும் பேரு போடலையே. 'ஒரு தலைவியுடன்'னு மட்டும் போட்டேன். பின்னால நம்ம ஃப்ளாட்ஸ் போர்டு பளிச்சுன்னு விழுந்திருந்துச்சு. எத்தனை பேர் ஃபார்வர்ட் பண்ணாங்க தெரியுமா? என் பேரன் பிறந்தப்பகூட அத்தனை பேர் பாக்கலை.

தை மாசம் முடியலை, வாசல்ல ரெண்டு பேரு. அந்த நாட்டுக்காரங்க. எப்படித்தான் மோப்பம் பிடிச்சாங்களோ, இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடலை. பாக்க நல்ல மனுஷங்க, முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. "செக்ரட்டரி சார், உங்க உதவி வேணும்"னாங்க. ஆமா, அப்ப நான்தான் நம்ம அசோசியேஷன் செக்ரட்டரி. பத்தொம்பது வருஷம். அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. உக்கார வச்சு, இங்கிலீஷ்ல பேசிட்டிருந்தேன். மேடம் நல்லா இருக்காங்களா, எத்தனை மணிக்கு வெளிய போவாங்க, யாரெல்லாம் வருவாங்கன்னு அக்கறையா விசாரிச்சாங்க. நானும் சொல்ல வாயெடுத்தேன். கோமதி காபித் தட்டோட வந்து, "அவங்க போன வாரமே டெல்லிக்குப் போயிட்டாங்களே"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஏ கோமதி, காலையில நம்மகிட்ட தயிர் வாங்கிட்டுப்..." அவ்வளவுதான் சொன்னேன். காபி என் மடியில. கை தவறிருச்சாம். முப்பத்தாறு வருஷத்துல அவ கையில இருந்து ஒரு டம்ளர் தவறி நான் பாத்ததில்லை. நான் வேட்டி மாத்திட்டு வர்றதுக்குள்ள அவங்களை அனுப்பிட்டா.

மறுநாள் எனக்கொரு போன், எதிர்வீட்டு ரெங்கராஜுலுவுக்கு ஒரு போன். பேரு கிடையாது, நம்பர் கிடையாது. "நீங்கல்லாம் ரிட்டையர்டு அதிகாரிங்க. நிம்மதியா இருக்க ஆசைப்படுவீங்க. யார் யார் பேர்ல எத்தனை வீடு இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்"னு ஒரு குரல். இங்க ஒரு விஷயம் சொல்லணும். நம்ம ஃப்ளாட்ஸ்ல எட்டு வீடு. எனக்கு ரெண்டு, ரெங்கராஜுலுவும் இன்னும் நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு, காஜா மொய்தீன்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தருக்கு ஒண்ணு. அந்த வாத்தியாரைத் தவிர நாங்க ஆறு பேரும் ஒரே துறை. எந்தத் துறைன்னு கேக்காதீங்க. அந்தத் துறையில இருக்கறவன் எவனும் தன் பேர்ல வீடு வாங்க மாட்டான். மேலிடத்துக் கண்ணு பட்டுரும். அதனால எல்லாம் வீட்டுக்காரம்மா பேர்ல. தப்பு இல்லை தம்பி, ஒரு பாதுகாப்புதான்.

போன் வந்ததும் ரெங்கராஜுலு நேரா என் வீட்டுக்கு ஓடி வந்தாரு. "யோவ் ஆவுடையப்பா, உன் தலைவியை முதல்ல காலி பண்ணச் சொல்லுய்யா"ன்னாரு. எனக்கும் அதே நினைப்புதான், அவரு சொன்ன மாதிரி இருக்கட்டும்னு விட்டுட்டேன். வக்கீலுக்குப் போன் பண்ணி, வேற வீடு பாத்துக்கங்கன்னேன். அந்தத் தம்பி பதறிட்டாரு. "சார், அவங்க இங்க தங்கறதுக்கு அனுமதி கேட்டு மனு போட்டிருக்கோம். உங்க விலாசத்துலதான். போலீஸ் விசாரணைக்கு வர்றப்ப ஆள் அங்க இல்லைன்னா மனு தள்ளுபடி. அப்புறம் ஃப்ளைட்ல ஏத்திருவாங்க. இறங்கின இடத்துலயே கைது. இருபது வருஷம் உள்ள போட்டுருவாங்க சார்"னாரு. சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஒருத்தனா முடிவெடுக்க முடியுமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை காலை பத்தரைக்கு அவசரக் கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டிட்டேன். பொருள்: இரண்டாம் மாடிக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம்.

நம்ம கூட்டம் எப்படின்னா, கார் நிக்கற இடத்துல ஏழு பிளாஸ்டிக் சேர் போடுவோம். ஆம்பளைங்க உக்காருவோம். வீட்ல இருந்து பஜ்ஜி வரும், காபி வரும். பஜ்ஜி முடியறதுக்குள்ள தீர்மானமும் முடிஞ்சுரும். பத்தொம்பது வருஷமா அப்படித்தான், ஒரு சச்சரவு கிடையாது. பொம்பளைங்களுக்கும் அதுதான் வசதின்னு வச்சுக்கங்க. அவங்க சாயங்காலம் மொட்டை மாடியில தண்ணித் தொட்டியைச் சுத்திச் சுத்தி நடப்பாங்க, பேசறதை அங்க பேசிக்குவாங்க. செலின் அம்மாவும் வந்ததுல இருந்து அவங்களோட நடப்பாங்க. என்ன பேசுவாங்கன்னு நான் கேட்டதில்லை. பொம்பளைங்க பேச்சுல நமக்கென்ன வேலை?

அன்னிக்கு நான் தீர்மானத்தைப் படிச்சு முடிச்சேன். செலின் அம்மா படியிறங்கி வந்தாங்க. கையில எங்க அசோசியேஷன் பைலா, அதான் விதிப் புத்தகம். நான் எழுதினதுதான், இருபத்தேழு விதி, ஒவ்வொண்ணும் முத்து முத்தா இருக்கும். ஒரு வாடகைக்காரங்க அதைப் படிச்சதே எனக்குச் சந்தோஷம்.

"ஆவுடை, எனக்கு ஓட்டு இல்லை, தெரியும். ஒண்ணு மட்டும் கேக்கட்டா?"

"தாராளமாக் கேளுங்க."

"ஏழாவது விதியைப் படி."

நான் கணீர்னு படிச்சேன். 'உறுப்பினர் என்பவர் யார் பெயரில் கிரயப் பத்திரம் உள்ளதோ அவரே. உறுப்பினர் நேரில் வந்தால் மட்டுமே வாக்கு உண்டு. பிரதிநிதி செல்லாது.' அந்தப் பிரதிநிதி விஷயம் ரெங்கராஜுலுவுக்காகச் சேத்தது. அந்தக் காலத்துல அவரு தன் மச்சானைக் கூட்டத்துக்கு அனுப்பி என்னோட சண்டை போட வைப்பாரு.

"நல்ல விதி. இங்க உறுப்பினர் யாரு?"ன்னாங்க.

ரெங்கராஜுலு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அது வந்து மேடம், வீடு என் மிஸஸ் பேர்ல இருக்கு. ஜாதகப்படி அவளுக்குத்தான் மனை யோகம்"னாரு. பக்கத்துல இருந்தவருக்கும் ஜாதகம்தான். அதுக்கு அடுத்தவருக்கும். நானும் ஜாதகம்னுதான் சொன்னேன், வேற என்ன சொல்றது? காஜா மொய்தீன் வாத்தியார் மட்டும் பஜ்ஜியை மென்னுக்கிட்டே, "எங்கள்ல ஜாதகம் பாக்கற வழக்கம் இல்லை, அதனால என் வீடு என் பேர்லயே இருக்கு"ன்னு சிரிச்சாரு. அந்த ஆளோட ஒரு மாசம் நான் பேசலை.

செலின் அம்மா மாடியைப் பாத்து ஒரு சத்தம் குடுத்தாங்க. "கோமதி! சரோஜினி! எல்லாரும் இறங்கி வாங்க. கூட்டம் உங்களோடதாம்." சரோஜினிங்கறது ரெங்கராஜுலு சம்சாரம். ஆறு பேரும் வந்தாங்க. வரும்போதே சேலையெல்லாம் மாத்திக்கிட்டுத்தான் வந்தாங்க, அதை அப்புறமா யோசிச்சுப் பாத்தேன். சேர் பத்தலை. நாங்க எந்திரிச்சு நின்னோம். காலி பஜ்ஜித் தட்டை யாரோ என் கையில குடுத்துட்டாங்க. அதோடயே நின்னேன்.

ஒவ்வொருத்தராக் கேட்டேன். செக்ரட்டரி கடமை, விட முடியாதுல்ல? மூணாம் நம்பர் வீட்டம்மா, "எனக்குப் பயமா இருக்கு, போகட்டும்"னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. அடுத்தது சரோஜினி. அவங்களும் பயந்த சுபாவம்தான். செலின் அம்மாவைப் பாத்து, "நீங்க இருந்தா எங்களுக்கு ஏதாவது ஆகுமா?"ன்னு நேராக் கேட்டாங்க.

"தெரியலை. ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ போகச் சொன்னா போறேன், கோவிச்சுக்க மாட்டேன்."

ரெங்கராஜுலு கண்ணால ஜாடை காட்டறாரு. சரோஜினி அந்தப் பக்கமே திரும்பலை. "இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டேன். அதோட சரி. என் வீட்ல என்ன செய்யலாம்னு என்னை யாரும் கேட்டதில்லை. இன்னிக்குத்தான் கேக்கறாங்க. இருக்கட்டும்"னாங்க. அதுக்கப்புறம் மத்தவங்க எல்லாம் மளமளன்னு இருக்கட்டும், இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. வாத்தியாரும் இருக்கட்டும்னாரு.

கடைசியில கோமதி. ரெண்டு வீடு, ரெண்டு ஓட்டு. தோத்தாச்சு, சரி. ஆனா என் பொண்டாட்டி என்னை விட்டுக்குடுக்க மாட்டான்னு நினைச்சேன். நோட்டீஸ்ல கையெழுத்து நான் போட்டிருக்கேன், இத்தனை பேர் முன்னால நான் நிக்கறேன். அவ என்னைப் பாத்தா. என் கையில இருந்த தட்டையும் பாத்தா. "இருக்கட்டும். ரெண்டும்"னா.

ஏழுக்கு ஒண்ணு. தீர்மானம் தோல்வின்னு என் கையாலயே மினிட்ஸ் எழுதினேன். அந்தச் சூட்டோட தேர்தலும் வச்சு சரோஜினியை செக்ரட்டரி ஆக்கிட்டாங்க. போலீஸ் வந்து விசாரிச்சுது, செலின் அம்மா வீட்ல இருந்தாங்க, அனுமதியும் கிடைச்சுது. அந்தப் போன்காரங்க சத்தத்தையே காணோம். எங்க வீடெல்லாம் யார் பேர்ல இருக்குன்னுதான் மைக் வச்ச மாதிரி ஊருக்கே தெரிஞ்சு போச்சே, இனிமே மிரட்ட என்ன இருக்கு?

பத்து நாள் நான் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசலை. மோட்டார் போடறதுக்குக்கூட சரோஜினியைக் கேக்கணும், எப்படி இருக்கும் சொல்லுங்க? பதினோராவது நாள் செலின் அம்மா கதவைத் தட்டினாங்க. "ஆவுடை, எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிக்கறேன். விதி எழுத ஆள் வேணும். உன்னை மாதிரி எழுதறவன் யாரும் இல்லை"ன்னாங்க. நான் முறுக்கிக்கிட்டேன். ஆனா பாருங்க, பத்தொம்பது வருஷத்துல என் பைலாவை நல்லா இருக்குன்னு ஒரு மனுஷன் சொன்னதில்லை. உக்காந்தேன். தினம் காலையில அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவங்க அதை அவங்க பாஷையில மாத்திக் கம்ப்யூட்டர்ல பேசுவாங்க. திரையில நாப்பது அம்பது முகம், மீன் கழுவிக்கிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு, கேட்டுட்டிருப்பாங்க. என்னைப் பாத்துக் கை ஆட்டுவாங்க. பன்னண்டாவது விதியில ஒரு ஓட்டை இருக்குன்னு ஒரு மீன்காரம்மா கண்டுபிடிச்சா தம்பி! நாப்பத்தோரு விதி எழுதினோம். பதினோரு மாசம் போனதே தெரியலை.

அப்புறம் அங்க தேர்தல்னு அறிவிச்சாங்க. செலின் அம்மா பெட்டியை எடுத்து வச்சாங்க. வக்கீல் கெஞ்சினாரு, கோமதி அழுதா. நான் முறையா எடுத்துச் சொன்னேன். "இறங்கின இடத்துலயே பிடிச்சுருவாங்கம்மா. இங்கயே இருங்க. யார் போகச் சொன்னது உங்களை?"ன்னேன்.

சிரிச்சுட்டாங்க. "நீதான் சொன்னே ஆவுடை, நோட்டீஸ் ஒட்டினியே"ன்னாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அங்க நானூறு பொம்பளைங்க சங்கத்துல பேரு குடுத்துருக்காங்க. அவ ஓடிப்போனவ, உங்களை மாட்டி விட்டுட்டான்னு அவங்க வீட்டு ஆம்பளைங்க தினம் சொல்றாங்க. நான் விமானத்துல இருந்து இறங்கறதை அவங்க பாக்கணும். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி"ன்னாங்க. ஏர்போர்ட்டுக்கு நாங்க எல்லாரும் போனோம். ரெங்கராஜுலுகூட வந்தாரு, கார் அவரோடதுதான்.

இறங்கினாங்க. பிடிச்சுட்டாங்க. போன்ல வீடியோ வந்துச்சு, பாத்தோம். ரெண்டு பக்கமும் போலீஸ், நடுவுல இவங்க, கழுத்தை நிமித்திக்கிட்டு. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க கூட்டம். அந்த மீன்காரம்மா கம்பி மேல ஏறி நின்னு என்னமோ கத்தறா. அஞ்சு மாசம் ஆச்சு. வர்ற வியாழக்கிழமை தீர்ப்பு. ஜெயிலா, விடுதலையா, நாடு கடத்தலான்னு அன்னிக்குத் தெரியும். கடத்தினாங்கன்னா இங்கதான் வருவாங்கன்னு கோமதி சொல்றா. இந்த அஞ்சு மாசத்துல நாலு பேரு வீடு கேட்டு வந்தாங்க. நாலு பேரையும் அவ ஏதோ சொல்லி அனுப்பிட்டா. வீடு அவ பேர்ல இருக்கு, நான் என்ன செய்ய முடியும்?

அதனால உங்களுக்கு ஒரு யோசனை சொல்லித் தரேன், கேட்டுக்கங்க. கோமதி வந்ததும் உங்க வீட்டம்மாவைப் போன்ல பேச வைங்க. கைக்குழந்தை இருக்குன்னீங்கள்ல, அதைச் சொல்லுங்க. அவ இளகின மனசுக்காரி, அழுதுட்டாக் குடுத்துருவா. குடுத்துட்டா அடுத்த வாரமே நீங்க சாமானை...

கேட் சத்தம். அவதான். படி ஏறிட்டிருக்கா.

தம்பி, ஒரு நிமிஷம். அவ மேல வர்றதுக்குள்ள சொல்லிடறேன். உங்களைப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுது. அடுத்த தெருவுல என் சிநேகிதர் வீடு ஒண்ணு இருக்கு, நல்ல காத்து வரும், நானே கூட்டிட்டுப் போறேன். சாவியைப் பத்தி அவகிட்ட கேக்காதீங்க. விளம்பரம் குடுத்தது நான்தான், என் புத்திதான். அது காலி வீடு இல்லை தம்பி.